கழற்றிய கொட்டில் கழிவல்ல

ஊருக்குத் திரும்பலாம் என்ற செய்தி வந்ததும் ஒவ்வொரு குடும்பத்திலும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. எங்கள் காணி இப்போது எந்த நிலையில் கிடக்கின்றது என்பது முதலாவது. இத்தனை காலமும் குடியிருந்த கொட்டிலை என்ன செய்வது என்பது இரண்டாவது. முதற் கேள்விக்குப் பதில் தேடப் பலர் இருக்கின்றனர். இரண்டாவது கேள்வியைப் பற்றி எவரும் அதிகம் பேசுவதில்லை. இதனால் அவசரத்தில் சிலர் தகரத்தையும் மரத்தையும் கிடைத்த விலைக்கு விற்றுவிடுகின்றனர். சிலர் அப்படியே விட்டுச் செல்கின்றனர். சொந்த வளவில் முதல் மழை பெய்யும்போதுதான் அதே தகரத்தைக் கடைவிலை கொடுத்து வாங்கவேண்டி வருகின்றது.

தற்காலிக வீடு ஒன்றைக் கழற்றி, வேறோர் இடத்தில் மீண்டும் கட்டிப் பயன்படுத்துவது எங்கள் மக்களுக்குப் புதியதன்று. வன்னியில் 2008, 2009 ஆம் ஆண்டுகளில் இடம்விட்டு இடம் ஓடிய குடும்பங்கள் ஓடு, தகரம், கதவு நிலை, யன்னல் என்பவற்றைக் கழற்றி உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டுதான் சென்றன. அன்று அது உயிர் தப்பும் வழியாக இருந்தது. இன்று அதையே திட்டமிட்டு, பொருள் பழுதாகாமல், பாதுகாப்பாகச் செய்வது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பகுதிகளாகச் செய்த வீடு

கல்லும் சாந்தும் கொண்டு கட்டிய வீட்டைப் பிரிக்க முடியாது, இடிக்கத்தான் முடியும். இடித்தால் பாதிக்கு மேல் உடைந்த கல்லாகவே மிஞ்சும். ஆனால் சுவர், கூரை, தளம் என்பவற்றைத் தனித்தனிப் பகுதிகளாகச் செய்து, போல்ட்டும் நட்டும் கொண்டு பூட்டிய வீட்டைப் பிரிக்கலாம். வண்டிலின் சில்லைக் கழற்றி வேறு வண்டிலில் பூட்டுவது போன்றதே இது.

இவ்வகை வீடுகள் இரண்டு விதமானவை. முதலாவது விதம், ஓர் அறையை முழுப் பெட்டியாகவே பட்டறையில் செய்து லொறியில் ஏற்றிவந்து வைப்பது. இரண்டாவது விதம், இரும்பு அல்லது மரச் சட்டங்களையும் சுவர்ப் பலகைகளையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து அந்த இடத்திலேயே பூட்டுவது. முகாம்களிலும் இடைத்தங்கல் குடியிருப்புகளிலும் நாம் காணும் கொட்டில்களுட் பல இரண்டாவது விதத்தைச் சேர்ந்தவை. அவை பெரும்பாலும் ஆணியால் அறையப்பட்டவை என்பதே வேறுபாடு.

எங்கள் பழைய வீடுகளிலும் இந்த முறை இருந்தது. கிடுகு உக்கினால் கிடுகை மட்டும் மாற்றினோம். இறக்கிய பழைய ஓலை தோட்டத்துக்கு எருவாயிற்று. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குப் போயிற்று. ஒரு பொருள் ஓரிடத்தில் பழையதாகும்போது வேறோர் இடத்தில் அதற்கு வேலை இருக்கும் என்பதை எங்கள் முன்னோர் அறிந்திருந்தனர்.

பிற நாடுகளில் நடந்தவை

1906 ஏப்ரல் 18 ஆம் திகதி அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரைப் பூமியதிர்ச்சி தாக்கியது. அதைத் தொடர்ந்து பரவிய தீயில் நகரின் பெரும்பகுதி எரிந்தது. இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் வீடிழந்தனர். கூடாரங்களில் குளிர்காலத்தைக் கழிக்க முடியாது என்பதால், நகரப் பூங்காக்களில் 5,610 சிறிய மரவீடுகள் கட்டப்பட்டன. மிகச் சிறியதன் அளவு 10 அடிக்கு 14 அடி மட்டுமே. குடியிருந்தோர் மாதம் 2 டொலர் வரை செலுத்தினர். அத்தொகை ஏறத்தாழ 50 டொலரான வீட்டு விலையில் வரவு வைக்கப்பட்டது. 1907 இல் பூங்காக்களை விட்டு வெளியேறவேண்டிய காலம் வந்தபோது வீடுகள் இடிக்கப்படவில்லை. மக்கள் அவற்றைக் குதிரைகள் பூட்டிய வண்டிகளில் ஏற்றித் தாம் வாங்கிய காணிகளுக்குக் கொண்டுசென்றனர். 5,300 க்கும் மேற்பட்ட வீடுகள் இவ்வாறு நகர்ந்தன. சிலர் இரண்டு மூன்று வீடுகளை ஒன்றாக இணைத்துப் பெரிய வீடாக்கினர். அவற்றுட் சில இன்றும் நிற்கின்றன. முன்னர் வாடகை வீட்டில் இருந்த ஏழைத் தொழிலாளர் பலர் இதன்மூலமே முதன்முதலாகச் சொந்த வீட்டுக்காரர் ஆயினர்.

இரண்டாம் உலகப் போரின்பின் பிரித்தானியாவிலும் வீட்டுப் பஞ்சம் ஏற்பட்டது. 1944 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,56,000 பகுதி இணைப்பு வீடுகள் அங்கே நிறுவப்பட்டன. அவற்றுள் 54,000 க்கும் மேற்பட்டவை அலுமினிய வீடுகள். போர் விமானம் செய்த தொழிற்சாலைகளே அவற்றைச் செய்தன. ஒவ்வொரு வீடும் நான்கு துண்டுகளாக லொறியில் வந்து இறங்கிற்று. பத்து ஆண்டுகளுக்கென்றே இவ்வீடுகள் திட்டமிடப்பட்டன. ஆனால் சில குடும்பங்கள் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் அவற்றில் வாழ்ந்தன. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. நன்றாகப் பராமரித்தால் தற்காலிக வீடும் நெடுங்காலம் நிற்கும் என்பது ஒன்று. 'தற்காலிகம்' என்று ஒருவர் சொல்லும் காலம் நினைத்ததிலும் பல மடங்காக நீளக்கூடும் என்பது மற்றொன்று.

யப்பானின் கோபே நகரம் 1995 ஜனவரி 17 இல் பூமியதிர்ச்சியால் சிதைந்தபோது, அப்பகுதியில் 48,000 க்கும் மேற்பட்ட தற்காலிக வீடுகள் அமைக்கப்பட்டன. மக்கள் நிரந்தர வீடுகளுக்குப் போனபின் அவை கழற்றப்பட்டன. 1999 ஓகஸ்ட் 17 இல் துருக்கியில் பெரும் பூமியதிர்ச்சி நிகழ்ந்ததும், அவற்றில் 500 வீடுகளை யப்பானியக் கடற்படைக் கப்பல்கள் துருக்கிக்கு ஏற்றிச்சென்றன. அண்மையில் கட்டார் நாடும் இவ்வாறே செய்தது. 2022 உலகக்கிண்ண உதைபந்தாட்டப் போட்டிக்கு வந்தவர்களைத் தங்கவைத்த சிற்றறைகளில் 10,000 அறைகளை, 2023 பெப்ரவரியில் துருக்கியிலும் சிரியாவிலும் பூமியதிர்ச்சியால் வீடிழந்தவர்களுக்கு வழங்குவதாக அறிவித்து அனுப்பத் தொடங்கியது.

எமது நாட்டில் 2004 டிசம்பர் 26 சுனாமியின்பின் 50,000 க்கும் மேற்பட்ட இடைக்கால வீடுகள் கட்டப்பட்டன. அவை பெரும்பாலும் 200 சதுர அடி அளவானவை. அந்த அனுபவமும் பிற நாடுகளின் அனுபவமும் சேர்ந்தே, இடைக்கால வீடு எப்படி இருக்கவேண்டும் என்ற பொது விதிகள் உருவாகின.

ஒரு கொட்டிலின் ஐந்து எதிர்காலங்கள்

2012 இல் சர்வதேச நிறுவனங்கள் சேர்ந்து வெளியிட்ட இடைக்கால வீட்டு வழிகாட்டி, நல்ல இடைக்கால வீடு ஒன்றுக்கு ஐந்து வழிகள் திறந்திருக்க வேண்டும் என்கின்றது. எங்கள் நிலைமைக்கு ஏற்ப அவற்றைப் பின்வருமாறு விளங்கிக்கொள்ளலாம்.

1. மேம்படுத்தல்: கொட்டில் நிற்கும் காணி உங்களுடையதாயின் அதைப் பிரிக்கத் தேவையில்லை. கூரையையும் தூண்களையும் வைத்துக்கொண்டே, கை வசதிக்கேற்பச் சிறிது சிறிதாக அரிகல் சுவர் எழுப்பலாம்.

2. வேறு தேவைக்குப் பயன்படுத்தல்: நிரந்தர வீடு எழும்பியபின் கொட்டிலைக் குசினியாக, நெல் வைக்கும் அறையாக, ஆட்டுக் கொட்டிலாக மாற்றலாம்.

3. இடம் மாற்றல்: முழுவதையும் கழற்றிச் சொந்த வளவில் மீண்டும் நிறுத்தலாம்.

4. விற்றல்: வேறு வழியில்லாதபோது விற்கலாம். பிரித்து, வகைபிரித்து விற்றால் நிற்கும் கொட்டிலை மொத்தமாக விற்பதிலும் கூடிய விலை கிடைக்கும்.

5. பொருளாகப் பயன்படுத்தல்: வீடாக நிறுத்த முடியாத துண்டுகளைக் கதவு, மேசை, கோழிக்கூடு, கிணற்று மூடி என வேறு பொருள்களாக்கலாம்.

உங்கள் கொட்டிலுக்கு இவற்றில் எது பொருந்தும் என்பதை முதலில் குடும்பமாக இருந்து பேசித் தீர்மானியுங்கள். அதன் பின்னரே அலவாங்கைக் கையில் எடுக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன்

முதலாவதாக, கொட்டில் யாருடையது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். நிறுவனம் ஒன்று கட்டித்தந்ததாயின், பொருள்களைக் கொண்டுசெல்லலாம் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. மரம் ஏற்றிச் செல்வதற்கு அனுமதி தேவைப்படும். பழைய மரமாயினும், அது கழற்றிய வீட்டின் மரம் என்று கிராம அலுவலர் தந்த கடிதம் கையில் இருந்தால் வழியில் மறிக்கும்போது உதவும்.

இரண்டாவதாக, போகும் காணியைப் பாருங்கள். போர் நடந்த பகுதியாயின், கண்ணிவெடி அகற்றப்பட்டது என உறுதிப்படுத்தப்படாத இடத்தில் தூணுக்குக் குழி தோண்டக்கூடாது. குப்பையைக் கூட்டி எரிக்கவும் கூடாது. இரும்புத் துண்டு தேவை என்பதற்காக அறியாத எந்தப் பொருளையும் தொடவேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, காலத்தைத் தெரிவுசெய்யுங்கள். வடக்கிலும் கிழக்கிலும் ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும். அதற்கு முன், புதிய இடத்தில் கூரை ஏறிவிடவேண்டும். சிறுபோக அறுவடைக்கும் மாரி விதைப்புக்கும் இடையில் கிடைக்கும் சில கிழமைகளே ஏற்றவை. சோழகம் வீசும் நாட்களில் காற்று அடங்கியிருக்கும் அதிகாலையில் மட்டும் தகரத்தை இறக்குங்கள். காற்றில் பிடி நழுவிய தகரம் கத்திக்குச் சமம்.

கழற்றும் ஒழுங்கு

கட்டிய ஒழுங்குக்கு நேர் எதிராகக் கழற்ற வேண்டும். கடைசியில் பூட்டியதே முதலில் கழர வேண்டும்.

முதலில் கதவு, யன்னல். அடுத்து முகட்டுத் தகரம், பின்னர் கூரைத் தகரம். அதன்பின் சுவர்ப் பலகை. பின்னர் வரிச்சு, கைமரம், வளை. கடைசியாகத் தூண். சுவர்ப் பலகையைக் கழற்றியதும் சட்டம் ஆட்டங்காணும். ஆகவே அதற்கு முன்னரே நான்கு மூலைகளிலும் முட்டுக்கொடுத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுங்கள். கூரைமேல் ஏறுபவர் தகரத்தில் மிதிக்கக்கூடாது. கைமரத்தின்மேல் குறுக்காகப் பலகை போட்டு அதில் நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் இறக்கும் முன் ஒவ்வொரு துண்டிலும் அடையாளம் இடுங்கள். பூச்சினாலோ கரியினாலோ 'கிழக்கு 1', 'கிழக்கு 2' என்று எழுதினால் போதும். ஒரு கொப்பித் தாளில் வீட்டின் வரைபடத்தை வரைந்து அதே இலக்கங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையே இதைச் செய்துவிடும். இந்த ஒரு தாள் மீண்டும் கட்டும்போது பல நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

ஆணியைச் சுத்தியலால் அடித்துப் பிடுங்கினால் மரம் பிளக்கும். குறட்டின்கீழ் சிறு பலகைத் துண்டை வைத்து நெம்புங்கள். வளைந்த ஆணியை நிமிர்த்திப் பாரம் தாங்கும் இடத்தில் அடிக்கக்கூடாது. வேலி வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். போல்ட், நட், வளையம் என்பவற்றைச் சிறிது எண்ணெய் பூசி ஒரு பேணியில் போட்டு வையுங்கள்.

தகரத்தை ஈரத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சில நாட்களிலேயே இடையில் வெள்ளைப் பூஞ்சணம் போல ஒன்று படரும். அது நாகப் பூச்சு அரிக்கப்படுவதன் அடையாளம். ஆகவே துடைத்துக் காயவிட்டு, இடையிடையே குச்சி வைத்து, நிலத்தில் படாமல் சற்றுச் சாய்வாக அடுக்குங்கள்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது

மரம்: கத்தி முனையால் குத்திப் பாருங்கள். இலகுவில் இறங்கினால் உக்கிவிட்டது. தட்டிப் பாருங்கள். வெறும் ஓசை கேட்டால் உள்ளே கறையான் தின்றிருக்கின்றது. நிலத்தில் புதைத்த கப்பு பெரும்பாலும் மண்மட்டத்திலேயே உக்கும். மேற்பகுதி நன்றாயின் அதை எறியவேண்டாம். உக்கிய ஒன்றரை அடியை வெட்டிவிட்டு, மிகுதியை இரண்டு அடி உயரமான கொங்கிறீற்றுக் கட்டையின்மேல் நிறுத்தலாம். உயரமும் குறையாது, கறையானும் இலகுவில் ஏறாது.

இரும்பு: துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். மேற்றுருவாயின் துரு தடுக்கும் பூச்சு இரண்டு தடவை பூசிப் பாவிக்கலாம். தகடாகப் பெயர்ந்து கம்பி மெலிந்திருந்தால் தூணாகவோ வளையாகவோ பயன்படுத்தக்கூடாது.

தகரம்: வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆணித்துளை மட்டும் இருந்தால் நல்ல தகரம். ஊசித்துளைகள் கூட்டமாகத் தெரிந்தால் கூரைக்கு உதவாது. சுவருக்கோ கோழிக்கூட்டுக்கோ உதவும்.

தறப்பாள்: வெயிலில் நெடுநாள் கிடந்தது கையால் இழுத்தாலே கிழியும். அப்படிக் கிழியாததை மட்டும் நிலத்தில் விரிக்கவும் நெல் மூடவும் வைத்துக்கொள்ளுங்கள். கிழிந்ததை எரிக்கவேண்டாம். அதன் புகை நச்சுடையது.

இங்கே ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 அடி நீளமான, இருபுறமும் சாய்ந்த கூரை ஒன்றில் ஒவ்வொரு தகரமும் 2 அடி அகலத்தை மூடுமாயின், பக்கத்துக்கு 10 ஆக 20 தகரங்கள் இருக்கும். கழற்றியபின் 5 பழுதென்று வைத்துக்கொள்வோம். மிகுதி 15. புதிய வளவில் 12 அடி நீளமான குசினிக்குப் பக்கத்துக்கு 6 ஆக 12 போதும். மற்ற 3 உம் விறகு நனையாமல் மூட உதவும். பழுதான 5 உம் கோழிக்கூட்டுச் சுவராகும். ஒன்றும் வீண்போகவில்லை.

மீண்டும் கட்டும்போது

முன்பு இருந்தபடியே மீண்டும் கட்டவேண்டும் என்பதில்லை. பழைய கொட்டிலில் பட்ட துன்பங்களை நினைத்துப் பாருங்கள். மழையில் தரை நனைந்ததா? பகலில் வெக்கை தாங்க முடியவில்லையா? காற்றில் கூரை ஆடியதா? திருத்துவதற்கு இதுவே தருணம்.

தரையைச் சுற்றியுள்ள நிலத்திலும் ஒரு அடியேனும் உயர்த்துங்கள். வெள்ளம் நிற்கும் இடமாயின் இன்னும் உயர்த்த வேண்டும்.

சட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் மூலைவிட்டமாகக் குறுக்குமரமோ முறுக்கிய கம்பியோ பூட்டுங்கள். நான்கு தூண் மட்டும் நின்றால் காற்று அதைச் சாய்த்துவிடும். மூலைவிட்டம் போட்டால் அது சாயாது. தூணும் வளையும், வளையும் கைமரமும் சேரும் இடங்களில் ஆணி மட்டும் போதாது. பட்டை இரும்பால் சுற்றிப் பிணைக்க வேண்டும். 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியை அறிந்தவர்களுக்கு, பிணைப்பில்லாத கூரைகளுக்கு என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

தகரத்தில் ஆணி எப்போதும் நெளிவின் மேட்டிலேயே அடிக்கப்பட வேண்டும். பள்ளத்தில் அடித்தால் மழைநீர் அத்துளையால் இறங்கும். பழைய துளைகள் அடுத்த தகரத்தின்கீழ் மறையுமாறு அடுக்குங்கள். மறையாதவற்றை இறப்பர் வளையம் வைத்த ஆணியால் அடைக்கலாம். இறப்பிலும் முகட்டிலும் காற்றின் இழுப்பு அதிகம் என்பதால் அங்கே ஆணிகளை நெருக்கமாக அடியுங்கள். இறப்பு இரண்டு அடிக்குமேல் வெளியே நீள வேண்டாம். திண்ணைக் கூரையைப் பெருங்கூரையோடு ஒன்றாக்காமல் தனியாகப் பூட்டினால், காற்று அதைப் பிடுங்கினாலும் வீட்டுக் கூரை தப்பும்.

வெக்கைக்கு மலிவான மருந்து எங்களிடமே இருக்கின்றது. தகரத்தின்மேல் கிடுகு வேய்ந்து கயிற்றால் இழுத்துக் கட்டினால் உள்ளே சூடு வெகுவாகக் குறையும். முகட்டின்கீழ் இரு பக்கச் சுவரிலும் வெளி விட்டால் சூடான காற்று வெளியேறும். ஆனால் அடுப்படிக்குமேல் கிடுகு வேண்டாம்.

ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்பதற்கும் ஒரு சர்வதேச அளவு உண்டு. அவசர நிலையிலும் ஓர் ஆளுக்கு 3.5 சதுர மீற்றருக்குக் குறையக்கூடாது என்பதே அது. ஐந்து பேருக்கு இது 17.5 சதுர மீற்றர், அதாவது ஏறத்தாழ 190 சதுர அடி. சமையலுக்குத் தனி இடம் இருந்தால் நல்லது.

நச்சுப் பொருள்களில் அவதானம்

பழையது எல்லாம் நல்லதல்ல. இரண்டு பொருள்களில் மிகுந்த கவனம் தேவை.

முதலாவது அஸ்பெஸ்ரஸ் கூரைத் தகடு. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோயை உண்டாக்கும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன் நுண்ணிய நார்கள் மூச்சோடு உள்ளே போனால் இருபது, முப்பது ஆண்டுகளின் பின்னரும் நோய் தோன்றலாம். உடையாத தகடு கூரையில் அசையாது இருக்கும்வரை ஆபத்து குறைவு. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், காய்ந்த தூசைக் கூட்டும்போதுமே நார் பறக்கின்றது. ஆகவே பழைய அஸ்பெஸ்ரஸைக் கழற்றி மீண்டும் பாவிப்பதைத் தவிருங்கள். அகற்றியே ஆகவேண்டுமாயின், தகட்டைத் தண்ணீரால் நன்கு நனைத்து, ஆணியை மெதுவாகக் கழற்றி, முழுத் தகடாக இறக்குங்கள். வாளால் அரியவோ கம்பித் தூரிகையால் தேய்க்கவோ கூடாது. சாதாரணத் துணியால் வாயைக் கட்டுவது இந்த நாரைத் தடுக்காது. அதற்குரிய முகமூடி வேண்டும். உடைந்த துண்டுகளால் முற்றத்தையும் பாதைக் குழியையும் நிரப்பும் வழக்கம் மிகவும் தீயது. பிள்ளைகள் அதன்மேல்தான் விளையாடுகின்றனர்.

இரண்டாவது, மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகைகள். 2005 இல் அமெரிக்காவைத் தாக்கிய கத்ரினா சூறாவளியின்பின், வீடிழந்த ஒரு இலட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்கு இழுவை வீடுகள் வழங்கப்பட்டன. அவற்றில் வாழ்ந்த பலர் கண்ணெரிவு, மூச்சுத்திணறல் என முறையிட்டனர். 2008 இல் அந்நாட்டுச் சுகாதார அதிகாரிகள், பலகைப் பசையிலிருந்து வெளியாகும் போமல்டிகைட்டு வாயு அவ்வீடுகளில் வழக்கத்திலும் கூடுதலாக இருப்பதை உறுதிசெய்து, மக்களை விரைவில் வெளியேற்றுமாறு கூறினர். பின்னர் ஏலத்தில் விற்கப்பட்ட அதே வீடுகளில் வேறு ஏழைகள் குடியேறினர். இலவசமாகவோ மலிவாகவோ பழைய பெட்டி வீடு கிடைத்தால், ஒரு பகல் முழுவதும் மூடிவைத்துவிட்டு உள்ளே போய்ப் பாருங்கள். கண் எரிந்தால், மூக்கு அரித்தால், அதில் குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டாம்.

பழைய பொருளால் நிலத்துக்கு என்ன நன்மை

உலகில் மனிதர் வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ 8 சதவீதம் சீமெந்து உற்பத்தியிலிருந்து வருகின்றது. எங்களுக்கு இதனிலும் அண்மையான கேடு மணல் அகழ்வு. ஆற்றில் மணலை அளவுக்கு மீறி அள்ளினால் ஆற்றுப் படுக்கை தாழ்கின்றது. கிணறுகளில் நீர்மட்டம் இறங்குகின்றது. கரையோரத்தில் உவர்நீர் உட்புகுகின்றது. ஒரு கமக்காரன் வீடு கட்டுவதற்காகத் தன் கிணற்றைக் கெடுத்துக்கொள்ளக்கூடாது. மீண்டும் பாவிக்கும் ஒவ்வொரு தூணும் பலகையும் அவ்வளவு சீமெந்தையும் மணலையும் மிச்சப்படுத்துகின்றது.

பணமும் மிச்சமாகின்றது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது ஓராண்டுக்குள் சீமெந்து மூட்டையின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியதை நாம் கண்டோம். போரின்பின் நடந்த வீட்டுத்திட்டங்களில் உதவித்தொகைக்குமேல் பெரிதாக அத்திவாரம் போட்டுவிட்டுக் கடனாளியான குடும்பங்களும் உண்டு. கழற்றிய கொட்டில் குசினியாகவும் களஞ்சியமாகவும் நின்றால், உதவித்தொகையை வைத்து இரண்டு அறைகளை ஒழுங்காக முடிக்கலாம்.

தற்காலிகம் நிரந்தரமாகிவிடக்கூடாது

இறுதியாக முக்கியமான ஒன்றைச் சொல்லவேண்டும். கழற்றிக் கட்டும் வீடு நிரந்தர வீட்டுக்குப் போகும் படி. அது நிரந்தர வீட்டுக்கு மாற்று அல்ல.

2016 இல் வடக்கு, கிழக்குக்கென 65,000 இரும்புப் பகுதி இணைப்பு வீடுகளை அமைக்கும் திட்டமொன்றை அரசாங்கம் முன்வைத்தது. ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கும் மேல் செலவாகும் எனக் கணக்கிடப்பட்டது. அதற்கு முன் இந்திய உதவியுடன் தொடங்கிய 50,000 வீட்டுத்திட்டத்தில், உரிமையாளர் தாமே கட்டிய கல்வீட்டுக்கு வழங்கப்பட்ட தொகை 5,50,000 ரூபா. இரும்பு வீட்டைப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் எதிர்த்தனர். எங்கள் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அது எவ்வளவு காலம் நிற்கும்? பழுதானால் ஊர் மேசனாலும் தச்சனாலும் திருத்த முடியுமா? பிள்ளைக்குக் கலியாணமானால் ஓர் அறை கூட்டிக் கட்டமுடியுமா? கட்டும் கூலி ஊரிலே தங்குமா? இவையே எழுந்த கேள்விகள். அத்திட்டம் முன்வைக்கப்பட்ட வடிவில் நிறைவேறவில்லை. பகுதி இணைப்பு வீடு எதுவாயினும், யார் தந்தாலும், இதே கேள்விகளைக் கேட்டே ஏற்க வேண்டும்.

இன்னொரு கேள்வியும் உண்டு. கொட்டிலைத் திருத்தி நன்றாகக் கட்டியதால், 'இவர்களுக்கு வீடு இருக்கின்றது' என்று பயனாளிகள் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படுமா? திருத்தத் தொடங்கும் முன்னரே பிரதேச செயலகத்தில் இதைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் பெறுங்கள். திருத்துவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். பழைய தகரத்தை ஒழுங்காக அடுக்கிய குடும்பம் தன் உரிமையை இழக்க நியாயமில்லை.

கூட்டாகச் செய்வோம்

தனியொரு குடும்பத்தால் கூரை இறக்குவது கடினம். ஆண் துணையில்லாத குடும்பங்களுக்கும் முதியோருக்கும் அது இயலாத காரியம். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்தால் முறைவைத்து, நாளொன்றுக்கு ஒரு வீடாகக் கழற்றலாம். ஏணி, கயிறு, குறடு, அலவாங்கு, கம்பித் தூரிகை ஆகியவற்றைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி வைக்கலாம். லொறிக் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒருவரிடம் மிஞ்சும் கைமரத்தை மற்றவரின் தகரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் விதவைத் தாய்மாரின் வீடுகளை எடுத்துக்கொண்டால் மாரிக்கு முன் அவர்களுக்கு ஒரு கூரை நிச்சயம்.

சிறு துரும்பும் பல்லுக்குதவும் என்பது பழமொழி. உங்கள் கொட்டிலில் இருப்பவை துரும்புகளல்ல. தூணும் வளையும் தகரமும் கதவும் அங்கே இருக்கின்றன. அடுத்த சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். யாருடைய கொட்டிலில் எத்தனை தகரம், எத்தனை மரம், எவ்வளவு நல்லது, எவ்வளவு பழுது என்று ஒரு பட்டியல் எழுதத் தொடங்குங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால், திரும்பிப் போகும் நாளில் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று எவரும் தடுமாறத் தேவையில்லை.